அட்டவணையில் இல்லாத வண்டி

1955 ஜனவரி 3, திங்கள்

இந்த டைரி எனக்கு வந்ததல்ல. வருடா வருடம் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் மெயில் டிரைவர்களுக்குக் கொடுப்பது. பக்கத்துக்குப் பக்கம் வண்டி எண், புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் என்று கட்டம் போட்டிருக்கிறது. பழைய பட்டியலைப் பார்த்து இந்த வருடமும் ஒன்றை அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அரிசி டின் மேல் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். வீணாகப் போவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். எட்டாவது வரை படித்தவள்தானே.

என் பெயர் அஞ்சலாட்சி. விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில், லெவல் கிராசிங் கேட்டை ஒட்டிய கடைசி வீடு எங்களுடையது. இவர் தேசிங்கு. பதினெட்டு வருடம் எஞ்சின் ஓட்டியவர், அதில் கடைசி ஐந்து வருடம் மெயில். போன நவம்பரில் நடந்த கண் டெஸ்டில் தூரத்து எழுத்து தெரியவில்லை. கண்ணாடி போட்டும் தேறவில்லை. எஞ்சினிலிருந்து இறக்கி, ஷெட்டில் ஸ்டோர் வேலை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெயும் துடைக்கிற பஞ்சும் அளந்து கொடுக்க வேண்டும். வெயில் படாத வேலை, நல்ல வேலை என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

அவர் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. நேர்வழியில் போனால் டிரைவர்கள் எதிரே வருவார்கள் என்று கரிமேட்டைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போகிறார். ஊரெல்லாம் அவரைத் "தேசிங்கு டிரைவர்" என்றுதான் கூப்பிடும். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "தேசிங்கண்ணே" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு சொல் குறைகிறது. அது அவருக்குக் கேட்கிறது, எனக்கும் கேட்கிறது.

ஜனவரி 9, ஞாயிறு

இன்று ரேடியோ பாடியது.

மெயில் டிரைவர் ஆன வருடம் அவர் வாங்கிய பெட்டி. மாடி இல்லாத வீட்டில் மூங்கில் நட்டு, ஏரியல் கம்பியைத் தானே இழுத்துக் கட்டினார். ஞாயிறு மாலை நாடகம் என்றால் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. டிரைவர்களும் அவர்கள் வீட்டுக்காரிகளும் குழந்தைகளுமாக வந்துவிடுவார்கள், நான் காபி போட்டே செத்துப்போவேன். நவம்பரிலிருந்து பெட்டி உறைக்குள் இருக்கிறது. யாரும் வருவதில்லை. எனக்கும் காபிப்பொடி மிச்சம்.

இன்று சௌந்தரி உறையைக் கழற்றிவிட்டாள். பத்தாவது படிக்கிற பெண், அப்பாவின் அதே பிடிவாதம். மெல்லத்தான் வைத்தாள். நாடகத்தில் யாரோ ரயிலேறினார்கள். வண்டி புறப்படுகிற சத்தம் வந்தது. பின்கட்டிலிருந்து இவர் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார்.

"இது நம்ம வண்டி இல்ல" என்றார்.

சௌந்தரி பயந்துபோய் அணைக்கப் போனாள். வேண்டாம் என்று கைகாட்டினார். அந்த ஊதல் சீமை எஞ்சின் ஊதலாம், மெலிந்த தொண்டை. நம் எஞ்சினுக்குக் கரகரப்பு உண்டாம். நாடகம் நடப்பது நம் பக்கத்து ஸ்டேஷனில், ஓடுவது சீமை வண்டி, இதைக் கேட்க ஆளில்லையா என்றார். பிறகு எஞ்சின் கிளம்பும்போது முதல் மூச்சு எப்படி, இரண்டாவது எப்படி, பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும்போது என்ன சத்தம் வரும் என்று உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். வாயாலேயே செய்தும் காட்டினார். சௌந்தரி சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அரைமணி நேரம் பேசியிருப்பார். பிறகு திடீரென்று நினைவு வந்தவராக எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

ஜனவரி 10, திங்கள்

தபாலாபீசுக்குப் போய் ஒரு கவர் வாங்கினேன். திண்டிவனத்து அண்ணிக்கு ரொம்ப நாளாக எழுத வேண்டும்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். லாசர் இரண்டு கரும்போடு வந்து வாசலில் நின்றான். ஆறு வருடம் இவருடைய எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவன். இன்று இவர் ஓட்டிய அதே மெயிலை ஓட்டுகிறான். அதற்கு அவன் என்ன செய்வான், பாவம். இவர் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார். லாசர் கரும்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டான். சாப்பிட்டார் என்றேன்.

அண்ணியிடமிருந்து கடிதம். "நீ ஒரு வரி எழுதக்கூடாதா, ஆறு மாதமாயிற்று" என்று கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 27, வியாழன்

பட்டணத்து ரேடியோ நிலையத்திலிருந்து இவர் பெயருக்குக் கடிதம் வந்தது. சௌந்தரி சத்தமாகப் படித்தாள். "தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. அது வெளிநாட்டு இசைத்தட்டில் உள்ள ஒலி" என்று ஆரம்பித்தது. மார்ச் 13 ஞாயிறு ஒரு நாடகம் நேரடியாக ஒலிபரப்பாகிறதாம். ஒரு தாய் மகனைப் பார்க்க ரயிலில் போகிற கதை. முக்கால்வாசி நாடகம் வண்டிக்குள்ளேயே நடக்கிறது. எஞ்சினை நிலையத்துக்குள் கொண்டுவர முடியாது, கையால் அந்தச் சத்தங்களை எழுப்பித் தர உங்களால் முடியுமா, முடியுமென்றால் முந்தின நாளே ஒத்திகைக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இவருக்கு வந்ததே கோபம். தான் கடிதமே எழுதவில்லையே, யார் எழுதியது என்று கத்தினார். சௌந்தரி பாடப்புத்தகத்தின் மேல் சத்தியம் செய்தாள். நான் தலை நிமிராமல் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். ஈர விறகு. ஊதாமல் விட்டால் அணைந்துவிடும்.

கடிதத்தைச் சாமி மாடத்தில் செருகினார். கிழித்துப் போடவில்லை.

பிப்ரவரி 4, வெள்ளி

முறத்தைக் காணோம்.

பிப்ரவரி 6, ஞாயிறு

முறம் பின்கட்டில் இருந்தது. அதில் கேழ்வரகைக் கொட்டி இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் என்னவென்று கேட்கவில்லை, கேட்டால் நின்றுவிடும்.

பிப்ரவரி 13, ஞாயிறு

சமையலறையில் இனி என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் சுலபம். மண்ணெண்ணெய் டின் போயிற்று. இட்லித் தட்டு இரண்டு போயிற்று. சௌந்தரியின் சைக்கிள் பம்பு போயிற்று, அவள் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

கட்டைகளில் உப்புத்தாளை ஒட்டி ஒன்றோடொன்று தேய்க்கிறார். அது எஞ்சின் மூச்சு. முதலில் எனக்கு யாரோ தேங்காய் துருவுகிற மாதிரிதான் கேட்டது. அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. யோசித்தார், தகரத்தை அடியில் வைத்தார், மறுபடி தேய்த்தார். மறுநாள் நான் பாத்திரம் துலக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின் நின்று மூச்சு விட்டது. கை தானாக நின்றுவிட்டது.

ஷெட்டில் ஒரு ஃபிட்டர் மூன்று பித்தளைக் குழாய்களைச் சேர்த்து ஊதல் செய்து கொடுத்திருக்கிறார். அதை மட்டும் வீட்டில் ஊத மாட்டேன் என்கிறார். வண்டி இல்லாமல் கேட் பக்கத்தில் ஊதக்கூடாதாம். அதற்குச் சட்டம் இருக்கிறதாம்.

பிப்ரவரி 22, செவ்வாய்

குழாயடியில் யாரோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். "மெயில் ஓட்டினவரு இப்ப மொறம் ஓட்றாரு" என்று. அது எப்படியோ இவர் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வந்ததும் எல்லாவற்றையும் கோணியில் கட்டிக் கரிமேட்டில் போட்டுவிட்டு வந்தார். பட்டணம் போகப்போவதில்லை என்று சௌந்தரியிடம் கார்டு எழுதச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

பதினேழு வருடக் குடித்தனத்தில் நான் அவரை எதிர்த்து அதிகம் பேசியதில்லை. இன்று பேசிவிட்டேன்.

"கண்ணு போச்சி, சரி. அதோட காதும் போயிடுச்சா?" என்றேன். "உங்களத்தான் வண்டியிலேர்ந்து எறக்கனாங்க. வண்டி உங்கள வுட்டு எறங்கலியே. ராத்திரி தூக்கத்துல கூட கால் ஆடுது. அந்த மனுசன் எனக்கு வேணும். நாலு மாசமா இந்த வூட்ல யாரோ ஒரு ஸ்டோர்காரருக்கு சோறு போட்டுக்கினு இருக்கேன்."

கொஞ்சம் அதிகம்தான். அவர் சாப்பிடாமல் படுத்தார். நானும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 23, புதன்

விடிந்து எழுந்தபோது முறம் கழுவி, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கோணி பின்கட்டில். கார்டை அவரே எழுதி அவரே தபாலில் போட்டுவிட்டு வந்தார். வருகிறேன் என்று.

மார்ச் 12, சனி

காலை பாசஞ்சரில் பட்டணம் போனார். எஞ்சினில் இல்லாமல் பெட்டியில் உட்கார்ந்து அவர் போய் நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோணி மேல் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தேன். ரேடியோவில் சட்டை தெரியாது என்று சௌந்தரி சொன்னாள். அவருக்குத் தெரியுமே என்றேன்.

தப்பாகிவிட்டால் என்ன செய்வார்? நேரடி ஒலிபரப்பு. ஒருமுறை கை பிசகினால் திரும்பச் செய்ய முடியாது. குடியிருப்பு முழுக்க டிரைவர்கள். ஊரை ஏமாற்றலாம், இவர்களை ஏமாற்ற முடியாது. எஞ்சின் ஒரு மைல் தூரத்தில் வரும்போதே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகிற காதுகள்.

மார்ச் 13, ஞாயிறு

நேரம் ரொம்ப ஆகிவிட்டது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதாகத்தான் ஏற்பாடு. நன்றாக வராவிட்டால் எங்களோடு போகட்டும் என்று. ஐந்தரை மணிக்கு லாசர் வந்தான். அவன் பின்னால் இன்னும் நான்கு டிரைவர்கள், அவர்கள் வீட்டுக்காரிகள், ஃபயர்மேன்கள், எல்லோரும் வந்தார்கள். சிலர் கேலி பார்க்க வந்தவர்கள், எனக்கா தெரியாது? கூடம் பத்தவில்லை. லாசர் யாரையோ அனுப்பி ரயில்வேக்காரர்கள் கூடும் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஒலிபெருக்கியைக் கொண்டுவரச் செய்து, ரேடியோவோடு இணைத்து, வாசல் வேப்பமரத்தில் கட்டிவிட்டான். குழாயின் வாய் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஆறரைக்கு நாடகம். சௌந்தரி முள் நகராமல் குமிழைப் பிடித்தபடி பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் பத்து நிமிடம் அந்தத் தாயும் அண்டை வீட்டுக்காரியும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. லாசர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஸ்டேஷன் மணி. கார்டு விசில். ஒரு சின்ன மௌனம்.

முதல் மூச்சு வந்தது. கனமாக, மெல்ல. பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட்டுக் குலுங்குகிற சத்தம் முன்னாலிருந்து பின்னாலே ஓடியது. அது என் இட்லித் தட்டு. எனக்குத் தெரியும், ஆனாலும் எனக்கு இட்லித் தட்டு நினைவுக்கு வரவில்லை. வண்டி வேகம் பிடித்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை வண்டிக்குக் கை காட்டியது.

கேலி பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் முழங்கால்கள் வண்டியோடு ஆடிக்கொண்டிருந்தன.

வண்டி மேடு ஏறியது. மூச்சு திணறியது. திடீரென்று தடதடவென்று ஒரு சத்தம், மூச்சு தாறுமாறாக ஓடியது. எனக்கு உயிர் போய்விட்டது. கை பிசகிவிட்டது, எல்லாம் போயிற்று என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். லாசர் நிமிர்ந்தான்.

"சக்கரம் வழுக்குது" என்று மெதுவாகச் சொன்னான். "மழை பேஞ்ச தண்டவாளம். இப்ப சக்கரம் புடிக்க மணல் வுடுவாரு பாருங்க."

கேழ்வரகு சரிகிற சத்தம் லேசாகக் கேட்டது. ஒரு மூச்சு பிடித்தது. இன்னொன்று பிடித்தது. வண்டி மேட்டைக் கடந்தது. டிரைவர்கள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

அப்புறம் ஊதல். நான் இதுவரை கேட்காத அந்தப் பித்தளை ஊதல். கேட்டை நெருங்கும்போது ஊதுகிற நீண்ட ஊதல், கரகரத்த தொண்டை, கடைசியில் அவர் எப்போதும் கொடுக்கிற சின்ன இழுப்பு. ஐந்து வருடம் மெயில் வரும்போது நான் உலை வைத்தது அந்த இழுப்பைக் கேட்டுத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில் வெளியே சங்கிலி கலகலத்தது.

திரும்பிப் பார்த்தால் கேட் மூடிக்கொண்டிருந்தது. கேட்கீப்பர் கன்னியப்பன் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் இருப்பவர். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட கேட் மூடத் தாமதித்ததில்லை. உள்ளே உட்கார்ந்து கேட் விளக்குக்குத் திரி கத்தரித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊதல் கேட்டதும் ஏதோ ஸ்பெஷல் வருகிறது, ஸ்டேஷனில் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்து இரண்டு பக்கமும் சாத்திவிட்டார். பச்சைக் கொடியோடு விறைப்பாக நிற்கிறார். திண்டிவனம் பஸ் ஒன்று, ஏழெட்டு மாட்டு வண்டி, எல்லாம் நின்றுவிட்டன.

பஸ் டிரைவர் இறங்கிவந்து தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்கய்யா வண்டி?" என்றார்.

"வருது. காது கேக்கல உனக்கு?" என்றார் கன்னியப்பன்.

வண்டி வந்துகொண்டேதான் இருந்தது. பாலத்தில் ஏறியது, அதிர்ந்தது, இறங்கியது. பஸ்காரர் திரும்பிப் போய் ஏறிக்கொண்டார். எங்கள் வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வண்டி நின்றுவிடும் என்று பயந்தவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். பிரேக் பிடித்து, நீராவி விட்டு, வண்டி ஸ்டேஷனில் நின்று, அந்தத் தாய் இறங்கி மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் லாசர் எழுந்துபோய்க் கன்னியப்பனிடம் விஷயத்தைச் சொன்னான். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். வண்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நான் காபி போட்டேன். முப்பத்திரண்டு பேருக்கு.

போகும்போது லாசர் என்னிடம் வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, நாலு மாசமா அந்த மேட்ல நான் இவ்ளோ சுத்தமா ஏத்தனது இல்ல" என்றான்.

மார்ச் 14, திங்கள்

மத்தியானப் பாசஞ்சரில் வந்தார். ஒத்திகையில் இரண்டு முறை தடுமாறினாராம், நிஜத்தில் ஒன்றும் ஆகவில்லையாம். ஏப்ரலில் இன்னொரு நாடகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக வந்ததா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். கேட் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கன்னியப்பனே வந்துவிட்டார்.

அவர் முகம் செத்துப்போயிருந்தது. பஸ்ஸில் இருந்த யாரோ புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வண்டி இல்லாத நேரத்தில் ஆறு நிமிடம் கேட்டை மூடிய காரணம் என்ன என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கையில் காகிதம். அதில் வண்டியின் விவரம் என்று ஒரு கட்டம், டிரைவர் பெயரும் கையெழுத்தும் என்று ஒரு கட்டம்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார், சௌந்தரியைப் பார்த்தார். அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கன்னியப்பா, உனக்கு நெசமாவே வண்டின்னு தோணிச்சா?" என்று கேட்டார்.

"தோணிச்சாவா? இன்னா கேள்வி கேக்கறீங்க. நான் பொய் சொல்லி வேல பாக்கறவன் இல்ல. வண்டி வந்திச்சி, மூடனேன். இதுல டிரைவர் பேர் கேக்கறாங்க. நீங்கதான் போட்டுக் குடுக்கணும்."

அவர் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு பேனா கேட்டார். கட்டத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, வண்டியின் விவரம் என்ற இடத்தில் "அட்டவணையில் இல்லாதது" என்று எழுதினார். டிரைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நவம்பருக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எதிரே அவர் கையெழுத்து விழுவது இதுதான் முதல் தடவை.

அந்தக் காகிதத்தோடு கன்னியப்பன் லாசர் வீட்டுக்குப் போனார். லாசர் மற்ற நான்கு பேரையும் கூப்பிட்டு, அந்த வண்டி வந்ததைக் காதால் கேட்டோம், நாங்களாக இருந்தாலும் கேட்டை மூடியிருப்போம் என்று எழுதினான். ஐந்து டிரைவர்களும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். இவரையும் விடவில்லை. நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள், நேர்வழியாக.

மார்ச் 16, புதன்

கன்னியப்பன் காகிதத்தின் நகலைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அடியில் இங்கிலீஷில் நாலு வரி எழுதியிருந்தார். சௌந்தரி தமிழில் படித்தாள்.

"விளக்கம் ஏற்கப்பட்டது. கேட்கீப்பர் மேல் குற்றமில்லை. இனிமேல் டிரைவர் தேசிங்கு வண்டி எடுக்கும் நாளையும் நேரத்தையும் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். "டிரைவர்னுதான் போட்டிருக்காரா?" என்று கேட்டார். ஆமாம்பா, பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார் என்றாள்.

நான் அழுதேன். எல்லோர் எதிரிலும்தான் அழுதேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏப்ரல் மூன்றாம் தேதி மாலை ஆறரை மணிக்கு ஒரு வண்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வர ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.